பல்கலைக்கழகப் புலத்தின் அறிவிப்புகளைத் தமிழில் எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் புலம் ஒன்றிலோ துறை ஒன்றிலோ அறிவிப்பு, சுற்றறிக்கை, அழைப்பிதழ், இணையப்பக்கம், குறுஞ்செய்தி எழுதும் வேலை யார் தலையில் விழுந்தாலும் எழும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அளவுகோல் ஒன்றுதான். பேருந்தில் நின்றபடி கைப்பேசியில் படிக்கும் மாணவர், அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து ‘அப்படின்னா எந்தத் தேதி சார்?’ என்று கேட்கும்படி ஆகக் கூடாது.

‘ஸ்கூல்’ என்பதைப் பள்ளி என்று எழுதுவதா, புலம் என்று எழுதுவதா?

புலம் என்றே எழுதுங்கள். ‘மேலாண்மைப் பள்ளி’ என்றால் மாணவருக்குப் புரிந்துவிடும். அவருடைய பெற்றோருக்கோ கரும்பலகையும் சீருடையும்தான் நினைவுக்கு வரும். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தொடங்கியது. அதன் பெரும்பிரிவுகளுக்குக் கலைப்புலம், சுவடிப்புலம் என்றே பெயர்.

ஒரு சிக்கல் உண்டு. ‘ஃபேகல்டி’ என்பதையும் பலர் புலம் என்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டும் இருந்தால், எதற்கு எந்தச் சொல் என்று பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்சிக்குழு ஒப்புதல் பெற்ற தமிழ்ப்பெயர் ஏற்கெனவே இருந்தால் அதுவே முடிவு. நம் ரசனைக்கு அங்கே வேலையில்லை. பெயர்ப்பலகையில் ஒன்று, முத்திரையில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்று இருந்தால், வேலைக்குச் சேரும் இடத்தில் சான்றிதழைச் சரிபார்க்கும்போது அவதிப்படுபவர் மாணவர்தான்.

பல்கலைக்கழகப் பெயரில் ‘ப்’ வருமா, வராதா?

அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் பெயரை எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுதுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம், தமிழ்ப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்பவற்றில் ஒற்று உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் இல்லை. ‘பல்கலைக்கழகம்’ ஒரே சொல். நடுவில் இடம் விடுவதும் ‘பல்கலைகழகம்’ என்று ‘க்’கை விழுங்குவதும் பிழை. ‘பல்கலை.’ என்ற சுருக்கம் நாளிதழ்த் தலைப்புக்கு உரியது. கடிதத்திலும் அறிவிப்பிலும் வேண்டாம்.

அறிவிப்பு, அறிவிக்கை, சுற்றறிக்கை, குறிப்பாணை, செயல்முறைகள்: எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மாணவருக்குப் பொதுவாகத் தெரிவிப்பது அறிவிப்பு. பணியிடம், சேர்க்கை போன்றவற்றுக்கு விதிகளோடு முறைப்படி வெளியிடுவது அறிவிக்கை. துறைகளுக்கும் பிரிவுகளுக்கும் உள்ளுக்குள் அனுப்புவது சுற்றறிக்கை. ஒரு பணியாளருக்கு அவர் பெயரிட்டுத் தருவது குறிப்பாணை. அதிகாரம் உள்ள அலுவலர் ஆணையாகப் பிறப்பிப்பது செயல்முறைகள். மாணவருக்கான விடுமுறைச் செய்திக்குக் ‘குறிப்பாணை’ என்று தலைப்பிட்டால், யார்மீதோ நடவடிக்கை என்று வதந்தி பரவும்.

கடிதத் தலைப்பில் ‘ந.க.எண்’ என்று வருவது நடப்புக் கணக்கு எண், அதாவது அலுவலகக் கோப்பின் எண். அது இல்லாத கடிதத்தைப் பின்னால் தேடி எடுப்பது கடினம்.

எங்கள் அறிவிப்புகள் நீளமாக, புரியாமல் இருக்கின்றன. எங்கே தொடங்கித் திருத்துவது?

ஒரு மாதிரியையே எடுத்துப் பார்க்கலாம். இப்படி ஓர் அறிவிப்பு எந்தப் பலகையிலும் இருக்கும்:

‘மேற்கண்ட பொருள் தொடர்பாக அனைத்து மாணவ மாணவியர்களுக்கும் தெரிவித்துக் கொள்வது யாதெனில், நவம்பர் மாத தேர்வு கட்டணத்தை எதிர்வரும் 15ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும் என்றும், தவறும் பட்சத்தில் உரிய அபராத தொகையுடன் செலுத்தப்பட வேண்டும் எனவும் இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

முதல் கோளாறு: ‘கட்டணத்தை’ என்றால் ‘செலுத்த வேண்டும்’, ‘செலுத்தப்பட வேண்டும்’ என்றால் ‘கட்டணம்’. இரண்டையும் கலந்ததால் வாக்கியம் முறிந்துவிட்டது. அடுத்து, மாணவர்களுக்குத் தெரிவிப்பதாகத் தொடங்கிய வாக்கியம் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று முடிகிறது. கேட்டுக்கொள்ளப்படுபவர் யார் என்பதற்கு எழுவாயே இல்லை. ‘மாணவியர்’ ஏற்கெனவே பன்மை. அதன்மேல் ‘கள்’ மிகை. ‘மாதத் தேர்வுக் கட்டணம்’, ‘அபராதத் தொகை’ என்பவற்றில் ஒற்றுகள் விழுந்துவிட்டன. இத்தனையையும்விடப் பெரிய குறை, எந்த மாதத்து 15 என்பது இல்லை; அபராதம் எவ்வளவு, எதுவரை, எங்கே கட்டுவது என்பதும் இல்லை. தொலைபேசி மணி அடிப்பது இதனால்தான்.

திருத்திய வடிவம்:

‘நவம்பர் 2025 பருவத் தேர்வுக்கான கட்டணத்தை மாணவர்கள் 15.10.2025 (புதன்கிழமை) மாலை 5.00 மணிக்குள் பல்கலைக்கழக இணையதளம் வழியாகச் செலுத்த வேண்டும். இந்த நாளைத் தவறவிட்டவர்கள் ரூ. 200 அபராதத்துடன் 22.10.2025 (புதன்கிழமை) மாலை 5.00 மணி வரை செலுத்தலாம். அதற்குப் பின் கட்டணம் ஏற்கப்படாது.’

கடைசி வாக்கியத்தில் ‘ஏற்கப்படாது’ என்று செயப்பாட்டுவினை வந்திருப்பதைக் கவனியுங்கள். அதை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. யார் செய்கிறார் என்பது முக்கியமல்லாத இடத்தில் அது பொருந்தும். மாணவர் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் இடத்தில் பொருந்தாது.

வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முழு இலக்கணமும் இங்கே அடங்காது. அலுவலகத் தமிழில் அன்றாடம் வருபவை மட்டும்:

மிகும் இடங்கள். ‘ஐ’ உருபுக்குப் பின்: கட்டணத்தைச் செலுத்தவும். ‘கு’ உருபுக்குப் பின்: அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்: அந்தத் தேர்வு, எந்தப் பாடம். பெயரும் பெயரும் சேரும்போது: எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, கல்விக் கட்டணம், விண்ணப்பப் படிவம், வரலாற்றுத் துறை, அனைத்துத் துறைகள். எண்களில் எட்டுக்கும் பத்துக்கும் பின் மிகும்: எட்டுப் பேர், பத்துப் பேர். ஆனால் ஐந்து பேர், ஆறு பேர் என்றே வரும்.

மிகாத இடங்கள். பெயரெச்சத்துக்குப் பின்: நடைபெற்ற தேர்வு, படிக்கும் பாடம். உயர்திணைப் பெயருக்குப் பின்: மாணவர் சேர்க்கை, தந்தை பெயர். ‘வந்து’, ‘செய்து’ போன்ற எச்சங்களுக்குப் பின்: வந்து சேர்ந்தது, செய்து தரப்படும். ஆனால் ‘படித்து’, ‘எடுத்து’ போன்றவை வன்தொடர், அதாவது கடைசி ‘உ’வுக்கு முன் வல்லினம் இரட்டித்தவை, ஆதலால் மிகும்: படித்துக் காட்டினார், எடுத்துச் சென்றார்.

ஐயம் வந்தால் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘எழுத்துதேர்வு’ என்று சொல்ல நாக்கு மறுக்கும். எல்லா இடத்திலும் காது காப்பாற்றாது என்பதும் உண்மை. அதற்குத்தான் மேலே உள்ள வரிகள்.

திரும்பத் திரும்ப வரும் எழுத்துப்பிழைகள் எவை?

‘ற்’ எழுத்துக்கு அடுத்து இன்னொரு மெய்யெழுத்து வராது. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் முயற்ச்சி, பயிற்ச்சி, அதற்க்கு மூன்றும் ஒழியும். முயற்சி, பயிற்சி, அதற்கு என்பவையே சரி.

‘நர்’ விகுதி வினையோடு சேரும்: இயக்குநர், பெறுநர், அனுப்புநர், பயிற்றுநர். ‘இயக்குனர்’, ‘பெறுனர்’ பிழை. ‘உறுப்பினர்’ வேறு வகை. உறுப்பு என்ற பெயரிலிருந்து வந்ததால் ‘ன’ சரி. விண்ணப்பக் கடிதத்தின் முதல் சொல்லே ‘அனுப்புனர்’ என்று தொடங்கினால், படிப்பவர் மேற்கொண்டு படிக்கும் மனநிலை எப்படி இருக்கும்!

‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்பது ‘ஒவ்வொரு மாணவரும்’ ஆகும். உயிரெழுத்துக்கு முன் ஓர், மற்றவற்றுக்கு முன் ஒரு: ஓர் ஆண்டு, ஒரு பருவம். சுவற்றில் அல்ல, சுவரில். பதட்டம் அல்ல, பதற்றம். நாள்கள்/நாட்கள், வாழ்த்துகள்/வாழ்த்துக்கள் பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. நாங்கள் நாள்கள், வாழ்த்துகள் என்பவற்றைப் பரிந்துரைக்கிறோம். எதை எடுத்தாலும் ஒரே பக்கத்தில் இரண்டும் வரக் கூடாது.

பெயரின் முன்னெழுத்தைத் தமிழில் எழுத வேண்டுமா?

ஆம். பெயர் தமிழில் இருக்கும்போது முன்னெழுத்து மட்டும் ‘எஸ்.’, ‘ஆர்.’ என்று நிற்பது பொருத்தமில்லை. முன்னாள் துணைவேந்தரான மு. வரதராசனாரை யாரும் ‘எம். வரதராசன்’ என்று எழுதுவதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘எஸ்.’ என்பது சுப்பிரமணியனாக இருந்தால் சு., சங்கரனாக இருந்தால் ச., செல்வமாக இருந்தால் செ. ‘ஆர்.’ இரா.வாகவும் இருக்கலாம், ரெ.வாகவும் இருக்கலாம். ஊகித்து எழுதாதீர்கள். மாணவர் சேர்க்கைப் படிவத்திலேயே ‘பெயர், தமிழில், முன்னெழுத்துடன்’ என்று ஒரு கட்டம் வைத்து, அவரையே எழுதச் சொல்லுங்கள். பட்டச் சான்றிதழ் வரை அந்த எழுத்துதான் போகும். பெயரில் ஜ, ஷ, ஸ, ஹ இருந்தால் அவர் எழுதியபடியே விடுங்கள். ஒருவர் பெயரைத் திருத்துவது நம் வேலையல்ல.

‘திரு. முனைவர்’, ‘அவர்கள்’: மரியாதை எவ்வளவு போதும்?

ஓர் அடைமொழி போதும். முனைவர் என்று எழுதினால் திரு., திருமதி வேண்டாம். ஆய்வை முடிக்காதவர் ‘முனைவர் பட்ட ஆய்வாளர்’. ‘அவர்கள்’ அழைப்பிதழிலும் மேடையிலும் அழகு; இணையப்பக்கத்தில் பத்து ஆசிரியர் பெயருக்கும் பின்னால் ‘அவர்கள்’ நின்றால் கண் களைக்கும். அமைச்சருக்கு மாண்புமிகு, நீதியரசருக்கு மாண்பமை என்பது வழக்கம். செய்தியறிக்கையில் யாராக இருந்தாலும் வினைமுற்று ‘ஆர்’ விகுதி பெறும்: மாணவர் பேசினார், காவலாளி தெரிவித்தார். துணைவேந்தருக்கு மட்டும் ‘பேசினார்கள்’ என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

இளங்கலை, இளநிலை, இளம் அறிவியல்: எதை எப்போது?

படிநிலையைக் குறிக்க இளநிலை, முதுநிலை. பி.ஏ. இளங்கலை, எம்.ஏ. முதுகலை. ‘இளங்கலை இயற்பியல்’ என்று எழுதுவது பரவலான குழப்பம், பி.எஸ்சி. என்பது இளம் அறிவியல். சேர்க்கை அறிவிப்பில் ‘பி.எஸ்சி. இயற்பியல்’ என்று தமிழ் எழுத்தில் எழுதுவதே நடைமுறையில் தெளிவு. எம்.ஃபில். என்னும் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் நிறுத்திவிட்டன. பழைய படிவங்களில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள்.

நாள், நேரம் எழுதுவதில் என்ன விதி?

நாள்.மாதம்.ஆண்டு, நடுவில் புள்ளி, பக்கத்தில் கிழமை: 15.10.2025 (புதன்கிழமை). கிழமை அலங்காரத்துக்கு அல்ல. எண்ணில் பிழை இருந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

‘நாளை’, ‘வரும் வெள்ளிக்கிழமை’, ‘இம்மாத இறுதிக்குள்’ ஆகியவை கூடவே கூடாது. வாட்ஸ்அப்பில் அந்த அறிவிப்பு மூன்றாம் நாள் ஒருவருக்குப் போய்ச் சேரும். அவருடைய நாளை வேறு.

‘15ஆம் தேதிக்குள்’ என்றால் 15 உண்டா இல்லையா என்று வழக்கு நடக்கும். மணியைச் சேர்த்துவிட்டால் தகராறு தீர்ந்தது. ‘இரவு 12 மணி வரை’ அதைவிட மோசம், அது எந்த நாளின் இரவு? ‘இரவு 11.59 மணி வரை’ என்று எழுதுங்கள். 2025ஆம் ஆண்டு, 15ஆம் தேதி, 1981இல் என்று எண்ணோடு ஒட்டியே எழுதலாம். இடையில் கோடு போடும் வழக்கத்தைப் பின்பற்றினால் எல்லா இடத்திலும் போடுங்கள்.

அழைப்பிதழில் திருவள்ளுவர் ஆண்டும் வேண்டும் என்பார்கள். பொது ஆண்டோடு 31 கூட்டுங்கள், 2025க்கு 2056. ஆண்டு தை முதல் நாளில்தான் மாறும் என்பதால் ஜனவரி முதல் இரண்டு வாரத்து விழாக்களுக்கு 30தான் கூட்ட வேண்டும்.

தொகையை எப்படி எழுதுவது?

ரூ. 1,25,000 என்று, நம் இலட்சக் கணக்குப்படி காற்புள்ளி இட்டு. விழுக்காடு, சதவீதம் இரண்டும் சரி, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

‘மற்றும்’ பயன்படுத்தலாமா?

குறைத்துக்கொள்ளுங்கள். ‘பெயர், முகவரி மற்றும் தொலைபேசி எண்’ என்பது தமிழ்த் தொடர் அல்ல. தமிழில் வழி இரண்டு. ஒன்று, ‘உம்’: பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதவும். இன்னொன்று, ‘ஆகிய’: பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதவும். ஆட்களானால் ஆகியோர். துறையின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ‘மற்றும்’ இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

அழைப்பிதழின் நிகழ்ச்சி நிரலுக்கு வரிசை உண்டா?

தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 வினாடியில் பாட வேண்டும், ஒலிநாடாவைவிட வாயால் பாடுவதே முறை. ஆகவே நிரலில் பாடுபவர்களையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ‘தலைமை’, ‘முன்னிலை’ இரண்டும் வேறு. முன்னிலை வகிப்பவர் பேச வேண்டும் என்பதில்லை.

பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை இணையத்தில் போடலாமா?

கூடாது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை ஒட்டினால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கினாலும் தேடலில் சிக்காது. தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்றுவிட்டது. பழைய கோப்பை எழுத்துரு மாற்றும் மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள்.

ஒருங்குறியிலும் ஒரு கண்ணி உண்டு. ‘கௌரவ விரிவுரையாளர்’ பணியிட அறிவிக்கையைப் பலர் ‘கெளரவ’ என்று தட்டுகிறார்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் எகரக் குறியும் ‘ள’ என்ற எழுத்தும். தட்டச்சுப் பொறியில் ‘ள’ விசையையே இரண்டுக்கும் பயன்படுத்திய பழக்கம் அது. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியும். தேடுபொறிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். பார்வை மாற்றுத்திறனாளிகளின் திரைவாசிப்பான் அதை ‘கெ-ள-ர-வ’ என்று படிக்கும்.

பெயர்ப் பட்டியலை அகரவரிசையில் அடுக்கினால் தவறாக வருகிறதே?

மென்பொருள் ஒருங்குறி எண் வரிசையில் அடுக்கினால் அப்படித்தான் வரும். அந்த வரிசையில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’. நம் நெடுங்கணக்கிலோ ழ, ள, ற, ன கடைசியில். ஆகவே கபிலனுக்கு முன் கனி வந்து நிற்கும். முறைப்படி கபிலன்தான் முன். புள்ளி வைத்த எழுத்திலும் இதே கதை: பக்கம் முதலில், பகல் பிறகு வர வேண்டும்; எண் வரிசையில் தலைகீழாகும். மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றி அடுக்கிப் பாருங்கள். சரியாகாவிட்டால் தரவரிசை, பதிவெண் என்று வேறு அடிப்படையில் அடுக்கிவிடுவது நல்லது.

குறுஞ்செய்தி ஏன் இரண்டு மூன்றாக உடைகிறது?

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம், தமிழில் 70. அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணக் கூடாது. குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘தேர்வு’ மூன்று எழுத்து, ஆனால் 6 இடம். ‘பல்கலைக்கழகம்’ 13 இடம் தின்றுவிடும். ‘தேர்வுக் கட்டணம்: கடைசி நாள் 15.10.2025 மாலை 5 மணி.’ என்பது 51. ஒரே செய்தியில் போய்விடும். மொத்தமாக அனுப்பும் செய்திகளுக்கு வார்ப்புருவை, அதாவது செய்தியின் மாதிரி வடிவத்தை, முன்பே பதிவு செய்ய வேண்டும். ஆகவே ஒற்றுப்பிழையைப் பதிவுக்கு முன்னால் திருத்துங்கள். பின்னால் திருத்தினால் வார்ப்புருவோடு பொருந்தாமல் செய்தி நின்றுவிடும்.

‘மாணவ மாணவியர்’ என்றே எழுத வேண்டுமா?

தேவையில்லை. ‘மாணவர்கள்’ எல்லாரையும் குறிக்கும். தலைவர், செயலர், ஆசிரியர், ஆய்வாளர் எல்லாம் பொதுச்சொற்களே. மாற்றுத்திறனாளி, திருநங்கை, திருநம்பி என்னும் சொற்கள் அரசு வழக்கிலேயே நிலைபெற்றுவிட்டன. பழைய சொற்கள் படிவத்தில் ஒளிந்திருந்தால் மாற்றுங்கள்.

தடித்த எழுத்து, சாய்வெழுத்து?

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லை; வலியுறுத்தத் தடித்த எழுத்து போதும். சாய்த்தால் தமிழ் எழுத்தின் வளைவு குலைகிறது. அடிக்கோடு, ‘கு’, ‘மு’ போன்றவற்றின் கீழ்ப்பகுதியை வெட்டும்.

ஆன்லைன், அசைன்மென்ட் போன்ற சொற்களுக்கு என்ன செய்வது?

தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச்சொல் அகராதியிலோ சொற்குவைத் தளத்திலோ பாருங்கள். இணையவழி, ஒப்படைப்பு, வருகைப்பதிவு, உள்மதிப்பீடு எல்லாம் புழக்கத்தில் இருப்பவை. வாட்ஸ்அப், கூகுள் போன்ற பெயர்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே விடுங்கள். நீங்களாகவே ஒரு சொல்லைப் படைத்து, கடைசி நாள் உள்ள அறிவிப்பில் அதை வெள்ளோட்டம் விடாதீர்கள்.

இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது?

அவர்கள் வழக்கில் பீடம், பீடாதிபதி, பரீட்சை, திகதி, நிகழ்நிலை. நம் கடிதத்தை நம் வழக்கில் எழுதலாம். அவர்களுடைய பதவிப்பெயரை மட்டும் அவர்கள் எழுதியபடி எழுதுங்கள். கலைப்பீடாதிபதியைப் ‘புலத் தலைவர்’ ஆக்கக் கூடாது.

வெளியிட்ட பின் பிழை தெரிந்தால்?

ஓசைப்படாமல் கோப்பை மாற்றாதீர்கள். பழைய படம் ஏற்கெனவே நூறு கைப்பேசிகளில் இருக்கும். ‘திருத்தம்’ என்ற தலைப்பில், அதே ந.க.எண்ணைச் சுட்டி, புதிய நாளிட்டு, எது எதுவாக மாறியது என்று எழுதுங்கள்: ‘கடைசி நாள் 15.10.2025 என்பதை 17.10.2025 (வெள்ளிக்கிழமை) எனத் திருத்திப் படிக்கவும்.’ பழைய அறிவிப்பு இருந்த அதே இடத்தில், அதன் மேலேயே இது இருக்க வேண்டும். ஒற்றுப்பிழை போன்றவற்றுக்கு இவ்வளவு வேண்டாம், கோப்பைத் திருத்தினால் போதும். நாள், தொகை, இடம், பெயர் நான்கில் எது மாறினாலும் திருத்த அறிவிப்பு கட்டாயம்.